நாபுலில் வைத்த கூறு

போன மாதம் தஞ்சாவூரில், புதிதாக எழும்பியிருக்கும் நகர் ஒன்றில், ஒரு வீட்டு அடுப்படிச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டப் போயிருந்தேன். அட்டைப்பெட்டியைக் கத்தியால் கீறித் திறந்து மேலே இருந்த தாளை எடுத்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. வெள்ளைப் பின்னணி. நடுவில் எட்டு இதழ் நீலப் பூ. நான்கு மூலைகளிலும் மஞ்சள் கால்வட்டம். நான்கு டைல்ஸைச் சேர்த்து வைத்தால் மூலைகள் கூடி ஒரு முழு மஞ்சள் வட்டம் வரும்.

வீட்டுக்கார அம்மாவின் மருமகள் பக்கத்தில் வந்து நின்றது. "அண்ணே, பார்த்து ஒட்டுங்க. இது மெடிட்டரேனியன் டிசைன். அங்கெல்லாம் கையாலயே வரைவாங்களாம்" என்றது.

நான் "சரிங்கம்மா" என்றேன்.

அங்கே நான் போயிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என் சுபாவம் அப்படி. கடையில் மீதிச் சில்லறையைக் கேட்கவே நாலு தடவை யோசிக்கிறவன். சொல்லியிருந்தாலும் அந்தப் பெண் நம்பியிருக்காது. முழங்காலுக்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, பசைச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவன். மத்தியதரைக் கடலோரத்தில் ஊர் சுற்றிப் பார்த்தேன் என்றால் சிரிக்காமல் என்ன செய்யும்? உங்களிடம் சொல்வதற்கென்ன. போயிருக்கிறேன். பதினோரு நாள் இருந்தேன். ஊரின் பெயர் நாபுல். துனீசியா நாட்டில் இருக்கிறது.

வேலைக்குப் போனது அந்த ஊருக்கு இல்லை, லிபியாவுக்கு. லிபியாவுக்கு அப்போது எந்த நாட்டு விமானமும் போகாது. ஏதோ தடை போட்டிருந்தார்கள். அதனால் பக்கத்து நாடான துனீசியாவில் இறங்கி, விசாத் தாள் வந்ததும் அங்கிருந்து ரோட்டு வழியாகப் போக வேண்டும். இதெல்லாம் அங்கே இறங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. தஞ்சாவூர் ஏஜெண்டு எங்களிடம் சொன்னதெல்லாம், "ஏறுங்க, இறங்குங்க, வேலை" அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஸ்டூடியோவில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க ஒரே ஒரு கோட்டு வைத்திருப்பார்கள். முதுகுப் பக்கம் பிளந்து நாடா வைத்துத் தைத்திருக்கும். குண்டோ ஒல்லியோ, எல்லாருக்கும் அது பொருந்தும். எங்கள் ஊரிலிருந்து போன அத்தனை பேரும் பாஸ்போர்ட்டில் அதே கோட்டைத்தான் போட்டிருந்தோம். விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்றவரின் பாஸ்போர்ட்டை எட்டிப் பார்த்தேன். நம்ம கோட்டு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்தான் செல்வராசு, பூம்புகார் பக்கத்து மீனவர், என் வயதுதான் இருக்கும். ஏஜெண்டு அவரைத் தஞ்சாவூருக்கு வரவழைத்துப் படம் எடுக்க வைத்திருக்கிறார். அவருக்கு முன்னால் நின்றவர் ஜபருல்லா பாய். அதிராம்பட்டினத்துக்காரர். ஐம்பதை நெருங்கியவர், முன்பே சவுதியில் இருந்து வந்தவர். அதனால் அவர் கோட்டு இல்லாமல் சட்டையிலேயே கம்பீரமாக இருந்தார். நாங்கள் மூன்று பேர்தான். பாய் சமையலுக்கு, செல்வராசு ஹெல்பர், நான் கொத்தனார்.

நாபுலில் எங்களை ஒரு சின்ன லாட்ஜில் கொண்டு விட்டவன் முராத். ஏஜெண்டுக்கு அங்கே உள்ள ஆள். பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு, "டூ டேஸ், த்ரீ டேஸ்" என்று விரலைக் காட்டிவிட்டுப் போனான். விரல்கள் எல்லாம் தீர்ந்த பிறகும் அவன் வரவில்லை.

அந்த ஊருக்குள் முதன்முதலில் காலை வைத்தபோது மூக்குக்குத்தான் ஊர் தெரிந்தது. பங்குனி கடைசி இருக்கும். தெருவோரம் பூராவும் நம் நாரத்தை மாதிரி மரங்கள். பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தன. வீட்டு வாசலில் பெண்கள் துணியை விரித்து அந்தப் பூக்களைக் குவித்து வைத்து, ஏதோ செம்புக் குடத்தில் போட்டு, அடியில் நெருப்பு மூட்டி, பூவின் ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக இறக்கிக்கொண்டிருந்தார்கள். தெருவே அந்த வாசனையில் ஊறியிருந்தது. நடக்கும்போது கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருக்கும். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு நாரத்தை உண்டு. கல்யாணமான புதிதில் மேகலா அதன் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, "மல்லிப்பூ வாங்கித் தர துப்பில்ல, நாரத்தம்பூதான் நமக்கு" என்று குத்திக்காட்டும். அந்த ஊரில் இருந்த பதினோரு நாளும் ஒவ்வொரு தெரு முனையிலும் எனக்கு அந்தக் குத்தல் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஊர் வெள்ளை. கதவுகள் நீலம். கதவுகளில் கறுப்பு ஆணிகளை வரிசையாக அடித்து மீன் போல, கை போல உருவம் பண்ணியிருப்பார்கள். நடுவீதியில் வட்டமாக ஓரிடம். அங்கே மண்ணால் செய்த பெரிய ஜாடி ஒன்று, உள்ளே ஒரு மரம் நிற்கும். மரத்துக்கே ஜாடி செய்கிற ஊர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடை கடையாகத் தட்டு, கிண்ணம், குடுவை, டைல்ஸ். அடுத்த தெருவில் பாய் முடைகிறார்கள். கோரையைத் தொட்டுப் பார்த்த ஜபருல்லா பாய், "நம்ம ஊர்ப் பாய்க்கு இது அண்ணன் முறை" என்றார். அதற்கு மேல் அந்த ஊரை அவர் பாராட்டவில்லை.

பாய்க்கு ஒரு சங்கடம் இருந்தது. அவருக்கு அரபு எழுத்து படிக்கத் தெரியும். ஓதிப் பழகியவர். சவுதியில் சமையல்கட்டை விட்டு வெளியே வராததால் பேச்சு அவ்வளவாக வராது. இது எங்களுக்குத் தெரியாது. அவரை நம்பித்தான் தெருவில் இறங்கினோம். ஒரு போர்டைக் காட்டி, "பாய், என்னா போட்டிருக்கு?" என்பார் செல்வராசு. பாய் கண்ணைச் சுருக்கி ராகமாகப் படிப்பார், "ஹல்லாக்."

"அப்டின்னா?"

"அப்டின்னா… கடை."

உள்ளே எட்டிப் பார்த்தால் நாற்காலியும் கண்ணாடியும் இருக்கும். "பாத்தியளா, சலூன் கடைன்னு போட்டிருக்கான்" என்பார் பாய். செல்வராசு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். பாய் பார்த்துவிட்டு, "என்னா நக்கலா? நீ போய் உன் கடலைப் படி" என்பார்.

செல்வராசுக்கு அந்தக் கடல் பிடிக்கவில்லை. முதல் நாள் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணாடி போலக் கிடந்தது. "என்னா கொத்தனாரே இது, கடலா குளமா? ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது. சோம்பேறிக் கடலு" என்றார். ஆனாலும் தினமும் அங்கேதான் போனார். வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்த அந்த ஊர் ஆட்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கேட்காமலேயே ஒரு முனையை இழுத்து முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டார். அவர்களும் கேட்கவில்லை. சாயங்காலம் எழுந்தபோது கையில் நாலு மீனைக் கொடுத்து அனுப்பினார்கள். மேகலா கொடுத்தனுப்பிய புளியில் பாய் குழம்பு வைத்தார். லாட்ஜ்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு வந்து, ருசி பார்த்துவிட்டு, மறுநாள் தட்டோடு வந்தான்.

எனக்குப் போக்கிடம் வேறு. இரண்டாவது நாளே ஒரு பட்டறையைக் கண்டுபிடித்துவிட்டேன். சந்துக்குள் ஒரு வளைவு வாசல். உள்ளே முற்றத்தில் வரிசையாகப் பலகைகள், பலகைகள் மேல் காய்கிற டைல்ஸ். ஈரக் களிமண் வாசனை. கோடையில் எங்கள் ஊர்க் குளம் வற்றி அடிமண் வெடிப்பதற்கு முன்னால் ஒரு வாசனை வரும், அதேதான். நாரத்தம்பூ வாசனையில் மிதந்துகொண்டு வந்தவன் அந்த வாசலில்தான் தரைக்கு இறங்கினேன். மேஜையில் ஒரு அம்மா உட்கார்ந்து தூரிகையால் வரைந்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் உள்ளே சூளையைப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே போக எனக்குத் தைரியம் ஏது? எதிர்ச் சுவரோரம் மரத்தடியில் நின்று பார்த்தேன். மறுநாளும் நின்றேன். அதற்கடுத்த நாள் அந்த அம்மா தலையைத் தூக்காமலேயே தூரிகையால் "வா" என்று காட்டினார். போனேன். ஒரு பலகையைக் காட்டி வெயிலைக் காட்டினார். அதைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்தேன். ஒரு டைல்கூட நகராமல் வைத்ததைப் பார்த்து "பாஹி" என்றார். நல்லது என்று அர்த்தம். அந்த ஊர் பாஷையில் எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தைகளில் அது ஒன்று. இன்னொன்று வணக்கம் சொல்வதற்கு, "அஸ்லாமா".

அதிலிருந்து தினமும் காலையில் போய்விடுவேன். பலகை தூக்குவேன். புதினா போட்ட டீ வரும். மற்ற நேரமெல்லாம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். சின்ன வயதில் நான் மொசைக் தரை தேய்த்தவன். சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் கூடத்தின் நடுவில் தாமரை போடச் சொல்வார்கள். கலர் சிப்ஸைக் கொட்டி, தகட்டு வளையத்துக்குள் அடக்கி, நாள் கணக்கில் கல்லால் தேய்த்தால்தான் பூ மேலே வரும். அதனால் பூ எப்படி உண்டாகும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மா வரைவதைப் பார்த்தபோது தலை சுற்றியது. கறுப்பாக எதையோ தொட்டு இதழ் போடுகிறார். கறுப்புப் பூ எந்த வீட்டுச் சுவருக்கு என்று யோசித்தேன். நான் உள்ளே போன நாலாவது நாள் சூளை திறந்தார்கள். உள்ளே வைத்த கறுப்பெல்லாம் நீலமாகி வெளியே வந்தது. நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து அந்த அம்மாவும் வீட்டுக்காரரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அவருக்கு ஒரு பழக்கம். வரையும்போது சாயம் கறுப்பாகத்தானே இருக்கிறது? வெந்து வந்தால் நீலம் எப்படி உட்காரும் என்று கண்ணால் பார்க்க முடியாது. அதனால் உடைந்த பழைய டைல்ஸிலிருந்து வெந்த நீலச் சில்லு ஒன்றை எடுத்து, இதழ் வர வேண்டிய வெள்ளை இடத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றி, தள்ளி உட்கார்ந்து பார்ப்பார். பிறகு சில்லை எடுத்துவிட்டு வரைவார். பாதி வரைந்த டைல் முன்னால் இருந்து நீலச் சில்லு கையில் கிடைத்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. நமக்கு அரிப்பெடுத்தால் கை தானாகப் போகிற மாதிரி. அத்தனை நாளில் ஒரு தடவைகூட இது தவறியதில்லை.

இந்தச் சுகமெல்லாம் பகலில்தான். லாட்ஜுக்குத் திரும்பினால் பயம் வந்துவிடும். எனக்கு அங்கே சாப்பாடு இறங்கவில்லை. யாராவது என்னைப் பார்த்துப் பேசினால் வேர்த்துவிடும். இதுவே இப்படி என்றால், லிபியாவில் நூறு பேர் தங்குகிற கொட்டகையில் மூன்று வருஷம் எப்படி இருக்கப்போகிறேன் என்று நினைத்தாலே தூக்கம் போய்விடும். ஊரிலிருந்து கிளம்பும்போது தெருவே பஸ் ஸ்டாண்டு வரை வந்தது. மாலை வேறு போட்டார்கள். எல்லாரும் நகர்ந்த நேரத்தில் மேகலா மட்டும் பையைக் கொடுக்கிற சாக்கில் கிட்டே வந்து, "புடிக்கலன்னா வந்துடுங்க. யாரு என்ன சொன்னா என்ன" என்றது. அதை நான் யாரிடமும் சொல்லாமல், மிட்டாயைக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பதுபோல வைத்திருந்தேன். மாலை போட்டு அனுப்பியவர்கள் முன்னால் பயமாக இருக்கிறது என்று திரும்பிப் போக முடியுமா?

பத்தாவது நாள் சாயங்காலம் முராத் வந்தான். கையில் இரண்டு தாள். "டூ. ஒன்லி டூ. ஒன் கோ ஹோம்" என்றான். கம்பெனி மூன்று பேர் கேட்டு, இப்போது எந்த வேலைக்கானாலும் சரி, இரண்டு பேர் போதும் என்று சொல்லிவிட்டதாம். யார் திரும்புவது என்று நாங்களே முடிவு செய்து மறுநாள் மதியத்துக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவனே ஒரு பெயரை அடித்துவிடுவான்.

அவன் போன பிறகு மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். பாய்தான் முதலில் பேசினார். "நான் மூத்தவன். நான் போயிடறேன். நீங்க வாழ வேண்டிய புள்ளைங்க." சொல்லிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மகளுக்கு நிக்காஹ் பேசி வைத்திருந்தார்கள். இவர் லிபியா போகிறார் என்ற பேச்சில் பேசி முடித்த சம்பந்தம். திரும்பிப் போனால் என்னவாகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"பாய், சும்மா இருங்க" என்றார் செல்வராசு. "நான் படகுல இருந்த என் பங்க வித்துட்டு வந்திருக்கேன். திரும்பிப் போனா எதுல ஏறுவேன்? அடுத்தவன் படகுல கூலிக்கு ஏறணும். ஆனாலும் நீங்க போறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் போகிறேன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் சொன்னால் அது தியாகமாகத் தெரியும், உள்ளே இருப்பது பயம் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் அதை, இவனுக்கும் ஊரில் என்ன கஷ்டமோ என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் செல்வராசு, "கூறு வச்சிருவோம்" என்றார்.

"சூதாட்டமா? என்னால முடியாதுப்பா" என்றார் பாய்.

"சூது இல்ல பாய், கூறு. கடல்ல இதான் வழக்கம். புடிச்ச மீனைக் கூறு கூறா வைப்போம். ஆளுக்கு ஒரு பொருள் போடுவோம், சிப்பி, குச்சி, பீடித்துண்டு, கையில என்ன இருக்கோ அது. எது யாருதுன்னு தெரியாத ஒரு ஆளைக் கூப்பிட்டு, கூறுக்கு ஒண்ணா வைக்கச் சொல்லுவோம். உன் பொருள் எதுல விழுந்துதோ அது உன் மீனு. பெருசு சிறுசுன்னு பேசக் கூடாது. அப்பனும் மவனும்கூட அப்டித்தான்."

"சண்டை வராம பிரிக்கறதுக்குத்தானே? அப்ப சரி" என்றார் பாய்.

மறுநாள் காலையில், எது யாருடையது என்று தெரியாத ஆளைத் தேடி மூன்று பேரும் பட்டறைக்குப் போனோம். எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அந்த அம்மாதான். மேஜையில் மூன்று டைல்ஸ் இருந்தன. இரண்டு முழுக்க வரைந்து முடித்தவை. ஒன்று பாதியில் நின்றது. எட்டு இதழில் ஐந்துதான் போட்டிருந்தது. பாதியில் நிற்பது யாருக்கு விழுகிறதோ அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று செல்வராசு சொன்னார். சரி என்றோம்.

செல்வராசு சட்டைப் பையிலிருந்து கடற்கரையில் பொறுக்கிய வெள்ளைச் சிப்பி ஒன்றை எடுத்தார். பாய் வாயில் சப்பிக்கொண்டிருந்த பேரீச்சங்கொட்டையைத் துடைத்துக் கொடுத்தார். என்னிடம் ஒன்றும் இல்லை. மேஜைக்கு அடியில் உடைந்த துண்டுகள் போட்டு வைக்கும் கூடை. குனிந்து கையை விட்டேன். பச்சை இருந்தது, மஞ்சள் இருந்தது. வேண்டுமென்றே தேடி, நகம் அளவு நீலச் சில்லு ஒன்றை எடுத்தேன்.

ஆமாம். தெரிந்துதான் எடுத்தேன்.

மூன்றையும் செல்வராசு தன் உள்ளங்கையில் வாங்கிக் குலுக்கி, அந்த அம்மாவிடம் நீட்டினார். ஒரு டைலுக்கு ஒன்று என்று கையால் காட்டினார். அவருக்கு என்ன புரிந்ததோ. சிரித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சிப்பியை எடுத்து ஒரு டைலின் நடு மொட்டில் வைத்தார். அழகாக இருந்தது. பேரீச்சங்கொட்டையை அடுத்ததில், பழுப்பாக ஓடிய கொடியின் மேல் கொடியோடு கொடியாகச் சாய்த்து வைத்தார். நீலச் சில்லைக் கையில் எடுத்ததும் முகம் மாறியது. விளையாட்டுப் போய்விட்டது. பாதி வரைந்த டைலில் ஆறாவது இதழ் வர வேண்டிய இடத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றி, தள்ளி உட்கார்ந்து பார்த்தார்.

"பாஹி" என்றார்.

பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். செல்வராசுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது செல்லாது. அந்தம்மா அழகு பாத்துல்ல வச்சிருக்கு! கண்ணு பாத்து வச்சா அது கூறா? மறுபடி வைப்போம். வேற ஆளை வச்சு வைப்போம்" என்று சிப்பியை எடுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். வாழ்க்கையில் நான் ஒருவர் கையைப் பிடித்துத் தடுத்தது அந்த ஒரு தடவைதான்.

"கடல்ல ரெண்டு தரம் கூறு வைப்பீங்களா செல்வராசு?" என்று கேட்டேன்.

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ மனுசன்யா கொத்தனாரே" என்றார். அங்கேயே, அந்த நிமிஷமே, உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உடம்பெல்லாம் லேசாகி, அந்த நாரத்தம்பூ வாசனையில் மிதந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா சில்லைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கறுப்பாக ஒரு இதழ் போட்டுக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்தபோது எங்கள் தெருவில் எனக்கு ஒரு பட்டம் காத்திருந்தது. "பதினோரு நாள் துபாய்". நான் போனது துபாய் இல்லை என்று திருத்தவும் எனக்குக் கூச்சம். மேகலாவிடம் மட்டும் சில்லு விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, கை கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது" என்றது.

சில வருஷம் கழித்து அவர்கள் இருவரும் திரும்பி வந்தார்கள். பாய் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். கம்பளி, அத்தர், டார்ச் லைட் எல்லாம் கொடுத்துவிட்டு, மகள் நிக்காஹுக்கு அழைத்தார். அங்கே என்னைச் சம்பந்தி வீட்டாரோடு ஒரே சஹனில், நாலு பேர் சேர்ந்து சாப்பிடுகிற அந்தப் பெரிய தட்டில் உட்கார வைத்து, "இந்தத் தம்பி விட்டுக்கொடுக்கலைன்னா இந்த நிக்காஹ் இல்லை" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். என் வாய் நிறைய பிரியாணி. விழுங்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. சம்பந்தி என் பக்கம் ஒரு பெரிய கறித்துண்டைத் தள்ளி வைத்தார்.

செல்வராசு படகு வாங்கினார். அதிலிருந்து மாதம் ஒரு தடவை, முதல் வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டுக்கு மீன் வரும். பஸ்ஸில் ஐஸ் போட்டுக் கொடுத்தனுப்புவார். பொங்கலுக்கு அவரே வருவார். ஒரு தடவை மனது கேட்காமல் மேகலாவிடம், "இனிமே சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றேன். "சொல்லித் தொலைக்காதீங்க. மீன் வராமப் போயிடும்" என்றது. விளையாட்டாகத்தான் சொன்னது. ஆனாலும் அடுத்த வாரமே பூம்புகாருக்குப் போனேன்.

கரையில் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்த ஆட்களிடம் செல்வராசு என்னைக் காட்டி, "மறுகூறு கேக்காத ஆளு இவருதான்" என்றார். எல்லாருக்கும் முன்பே கதை தெரிந்திருந்தது. ஒரு வயதானவர் எழுந்து வந்து என் கையைத் தொட்டுவிட்டுப் போனார். ஆட்கள் நகர்ந்ததும், "செல்வராசு, அந்த நீலச் சில்லு இருக்குல்ல…" என்று ஆரம்பித்தேன்.

"அட, அதை ஏன் இன்னும் நினைச்சுக்கிட்டு இருக்க? விடு கொத்தனாரே" என்று எழுந்துவிட்டார். நான் அதை இழப்பாக நினைத்துத் துக்கப்படுகிறேன் என்று அவருக்கு எண்ணம். பெரிய வஞ்சிரமாகப் பார்த்து வாழை இலையில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் வழி நெடுக அது என் மடியில் குளிர்ந்துகொண்டே வந்தது.

பாய் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. செல்வராசு போன மாசியில் போனார். மாரடைப்பு. போயிருந்தேன். அவர் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேர நேரமாகிவிட்டது. அதுவரை தலைமாட்டில் என்னை உட்காரச் சொன்னார்கள். "அப்பாவுக்கு வாழ்க்கை கொடுத்தவர்" என்று அவர் மகள் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அந்த மகளிடமாவது சொல்லியிருக்கலாம். அழுதுகொண்டிருக்கிற பிள்ளையிடம் எதைச் சொல்ல?

இப்போதெல்லாம் ஏஜெண்டு போனில் தாள் அனுப்புகிறான். ஆளைக் குறைத்தாலும் போனிலேயே தெரிந்துவிடுகிறது, யார் போவது யார் நிற்பது என்று எங்கோ ஒரு கணினி முடிவு செய்கிறது. அவரவர் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். மூன்று பேர் கட்டிலில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் தரையைப் பார்க்கிற வேலை இல்லை. நல்லதுதான்.

மாதாமாதம் மீன் வருவதும் நின்றுவிட்டது. மேகலா மட்டும் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் வருகிற நேரத்தில் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறது.

அவர்கள் இருவரும் போனபிறகு எனக்குப் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். என்னை நல்லவன் என்று தப்பாக நினைக்க இனி ஆள் இல்லை அல்லவா? அப்படி ஆகவில்லை. அதிராம்பட்டினத்தில் ஒருவர், பூம்புகாரில் ஒருவர், இரண்டு பேர் மனதில் ஒரு கொத்தனார் இத்தனை வருஷம் இருந்தான். கேட்காமல் விட்டுக்கொடுத்தவன், மறுகூறு கேட்காதவன். என்னைவிட நல்லவன். அவன் எனக்கும் பழகிப்போயிருந்தான். இப்போது அவனும் இல்லை.